விண்வெளி படிக்கும் பெண்களுக்கு ஒரு புலமைப்பரிசில்: அமேலியா இயர்ஹார்ட் நிதியின் வரலாறும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கேள்விகளும்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்த பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். அவர்களும், இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய மாணவிகளும், சில வேளை தாய் தகப்பன்மாரும், விமான, விண்வெளித் துறையில் கலாநிதிப் படிப்புப் படிக்கும் பெண்களுக்கான இந்தப் புலமைப்பரிசிலைப் பற்றிக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

இது யார் கொடுக்கும் புலமைப்பரிசில்?

ஸொன்டா இன்டர்நஷனல் என்ற அமைப்பு கொடுக்கிறது. மருத்துவர், சட்டத்தரணி, பொறியியலாளர், வணிக நிருவாகி என்று தொழில்களில் பொறுப்பான இடத்தில் இருக்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் கழகங்களின் கூட்டு அது. 1919 நவம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பஃபலோ நகரில் தொடங்கியது. முன்னின்று தொடக்கியவர் மரியன் டி ஃபொரஸ்ட் என்ற பத்திரிகையாளர், நாடகங்களும் எழுதியவர்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920 ஆகஸ்டில்தான். தேர்தலில் எல்லோரும் வாக்களிக்க முடியாத காலத்திலேயே இந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்துவிட்டார்கள். அந்தக் காலத்து றோட்டரி போன்ற பெரிய கழகங்கள் ஆண்களுக்கு மட்டுமே உரியவை.

இன்று ஸொன்டாவுக்குப் பல நாடுகளில் கழகங்கள் இருக்கின்றன. கொழும்பிலும் உண்டு.

விமானி ஒருவரின் பெயரை ஏன் வைத்தார்கள்?

அமேலியா இயர்ஹார்ட் ஸொன்டா உறுப்பினர்களில் ஒருவர். 1928இல் பொஸ்டன் ஸொன்டா கழகத்தில் சேர்ந்தார், பிறகு நியூயோர்க் கழகத்தில் இருந்தார். அதே 1928 ஜூனில்தான் அத்திலாந்திக் சமுத்திரத்தை விமானத்தில் கடந்த முதல் பெண் என்று பெயர் பெற்றார். ஆனால் அந்தப் பயணத்தில் அவர் ஓட்டவில்லை, பயணியாகத்தான் போனார். அது அவருக்கே உறுத்தலாக இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1932 மே 20ஆம் திகதி நியூபவுண்ட்லாந்திலிருந்து தனியாகக் கிளம்பி, ஏறத்தாழ 15 மணித்தியாலம் பறந்து, மறுநாள் வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். அத்திலாந்திக்கைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அவர்தான்.

1937இல் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஜூலை 2ஆம் திகதி நியூகினியின் லே நகரிலிருந்து, பசுபிக்கின் நடுவே இருக்கும் ஹவுலண்ட் என்ற சின்னத் தீவை நோக்கிப் பறந்தபோது, அவரும் வழிகாட்டி பிரெட் நூனனும் விமானத்தோடு காணாமற் போனார்கள். அடுத்த ஆண்டே, 1938இல், ஸொன்டா உறுப்பினர்கள் அவர் பெயரில் இந்தப் புலமைப்பரிசிலை ஏற்படுத்தினார்கள்.

அந்தப் பயணத்தில் இலங்கைக்கு வந்தாரா?

இல்லை. கராச்சியிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து பர்மா, பாங்கொக், சிங்கப்பூர் என்று போய்விட்டார்.

சிலை வைக்கலாம், மண்டபம் கட்டலாம். படிப்புக்குக் காசு என்று ஏன் முடிவெடுத்தார்கள்?

அந்த உறுப்பினர்களின் மனதை நான் அறிந்ததாகச் சொல்லமாட்டேன். ஆனால் அமேலியாவின் வாழ்க்கையைப் படித்தால் இதைவிடப் பொருத்தமான நினைவு இல்லை என்றுதான் படும்.

அவர் பட்டம் எதுவும் முடிக்கவில்லை. 1919இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஓர் ஆண்டோடு விட்டார். 1920 டிசம்பரில் கலிபோர்னியாவில் பத்து டொலர் கொடுத்துப் பத்து நிமிடம் விமானத்தில் பறந்து பார்த்தார். அன்றே பறக்கப் பழகுவது என்று தீர்மானித்துவிட்டார். பாடக் கட்டணம் சேர்ப்பதற்குத் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்தார், படம் பிடித்தார், லொறி ஓட்டினார். அவருக்குப் பறக்கப் பழக்கிய நெட்டா ஸ்னூக் என்பவரும் ஒரு பெண்தான்.

பிறகு மறுபடியும் கொலம்பியாவுக்குப் போனார். அங்கிருந்து மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு, அதாவது எம்.ஐ.டி.க்குப் போகும் எண்ணமும் இருந்தது. குடும்பத்தின் காசு கரைந்துவிட்டது. தாயாரால் கட்டணம் கட்ட முடியவில்லை. படிப்பு அத்தோடு நின்றது. பொஸ்டனில் குடியேறிகளுக்கு உதவும் ஒரு நிலையத்தில் சமூகப் பணியாளராக வேலைக்குப் போனார்.

காசில்லாமல் படிப்பு நின்ற ஒரு பெண்ணின் பெயரில், இன்று பெண்கள் கலாநிதிப் பட்டம் வரைக்கும் போகிறார்கள். புகழ் வந்த பிறகும் அவர் படிப்பை மறக்கவில்லை. 1935இலிருந்து பேர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்குத் தொழில் ஆலோசகராகவும், விமானவியலில் ஆலோசகராகவும் இருந்தார். அவருடைய கடைசி விமானத்தை வாங்கக் காசு சேர்த்து உதவியதும் அதே பல்கலைக்கழகம்தான்.

1938இல் விமானப் பொறியியல் படித்த பெண்கள் இருந்தார்களா?

மிகச் சிலர். எல்சி மக்கில் என்ற கனேடியப் பெண் 1929இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அந்தத் துறையில் அப்படிப் பெற்ற முதற் பெண் அவர்தான். போலியோ வந்து நடக்கவே சிரமப்பட்டவர், இரண்டாம் உலகப் போரில் கனடாவில் ஹரிகேன் போர் விமானத் தயாரிப்புக்குப் பொறுப்பாக இருந்தார்.

இப்படி விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்களே இருந்த ஒரு துறையைத் தெரிந்தெடுத்து நிதி வைப்பதற்குத் துணிவு வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்கோ தாதியர் படிப்புக்கோ கொடுத்திருந்தால் விண்ணப்பங்கள் குவிந்திருக்கும். அப்போது முதல் செயற்கைச் செய்மதியான ஸ்புட்னிக்கே இல்லை. அது ஏறியது 1957இல். ரொக்கெற் என்பது பெரும்பாலும் கற்பனைக் கதைகளில் இருந்த காலம். அன்றைக்குத் தொடங்கிய நிதியில் இன்று செவ்வாய்க் கிரகத்தையும் நட்சத்திரங்களையும் ஆராயும் பெண்கள் படிக்கிறார்கள்.

இதுவரை எத்தனை பேர் பெற்றிருக்கிறார்கள்? எவ்வளவு காசு?

1,300க்கும் மேற்பட்ட பெண்கள், 70க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து. சிலர் ஒரு தடவைக்கு மேலும் பெற்றிருக்கிறார்கள். மொத்தமாகக் கொடுத்த தொகை ஒரு கோடி அமெரிக்க டொலரைத் தாண்டிவிட்டது.

ஒருவருக்கு 10,000 அமெரிக்க டொலர் என்ற அளவில் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது பேர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 30 இலட்சம் வரும். நமக்குப் பெரிய காசு. ஆனால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அதை மட்டும் வைத்து ஓர் ஆண்டு வாழ முடியாது. இது முழுச் செலவையும் தாங்கும் புலமைப்பரிசில் அல்ல என்பதைப் பெற்றோர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் மிச்சச் செலவுக்கு என்ன செய்வது?

விஞ்ஞான, பொறியியல் துறைகளில் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தாங்களே பண உதவி தருகின்றன. ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வேலை செய்தால், படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் கொடுப்பார்கள். இது நம் ஊரில் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. காணியை ஈடு வைத்து வெளிநாட்டில் முதுமாணி படிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பெறுபேறு உள்ள பிள்ளை நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்தால் அந்தக் கடனே வந்திராமல் இருந்திருக்கும்.

அமேலியா இயர்ஹார்ட் புலமைப்பரிசில் அதற்கு மேல் வருவது. மாநாட்டுக்குப் போக, கருவி வாங்க, வேலை நேரத்தைக் குறைத்து ஆய்வில் இருக்க உதவும். துறைக்குள்ளே அதற்கிருக்கும் மதிப்பு தனி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரைக் கண்டால் ஆய்வுகூடத்தார் நின்று பார்ப்பார்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்?

எந்த நாட்டுப் பெண்ணும். விண்ணப்பிக்கும்போது முழுநேரக் கலாநிதிப் படிப்பில் பதிவு செய்திருக்க வேண்டும்; ஆய்வு விமான, விண்வெளிப் பொறியியலோடோ விண்வெளி விஞ்ஞானத்தோடோ தொடர்பாக இருக்க வேண்டும்; பெறுபேறுகள் மிக நன்றாக இருக்க வேண்டும். கலாநிதிப் பட்டம் முடித்த பிறகு செய்யும் ஆய்வுக்குக் கிடையாது. ஸொன்டாவின் உறுப்பினர்களும் ஊழியர்களும் விண்ணப்பிக்க முடியாது.

மாவட்டம் கேட்பதில்லை, மொழி மூலம் கேட்பதில்லை. நம்மவருக்கு இது சின்ன விடயம் அல்ல. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளை பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் சிங்களத்தில் எழுதிய பிள்ளையைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. 1974இலிருந்து மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. அந்தக் காயத்தோடு வளர்ந்த தாத்தா பாட்டிமார் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளை எந்தப் புலமைப்பரிசிலைப் பற்றிச் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்பது, "எங்கட பிள்ளைக்குத் தருவினமோ?" என்பதுதான். தருவார்கள். ஆய்வைத்தான் பார்க்கிறார்கள்.

நான் உயர்தரம்தான் படிக்கிறேன். எனக்கு இதில் என்ன?

இப்போதைக்குக் காசு இல்லை. ஆனால் பாதை இங்கேதான் தொடங்குகிறது, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு சொல்கிறேன்.

கணிதப் பிரிவை விடாதீர்கள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' எடுத்த பெண்பிள்ளைகள், "கணிதம் கஷ்டம், உயிரியல் என்றால் பெண்பிள்ளைக்கு நல்லது" என்ற பேச்சைக் கேட்டு மாறுவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். மருத்துவராக விரும்பும் பிள்ளை உயிரியல் படிக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பயத்தில் மாறுவது எனக்கு மனவருத்தம். இணைந்த கணிதமும் பௌதிகமும் இல்லாமல் இந்தத் துறைக்கு வருவது மிகவும் கடினம்.

விமானப் பொறியியல் யாழ்ப்பாணத்தில் இல்லையே. கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. விமானப் பொறியியல் என்ற பெயரில் இளமாணிப் பட்டம் எடுத்தால்தான் ஆகும் என்பது பலருடைய தவறான எண்ணம். பௌதிகவியல், கணிதம், இயந்திரப் பொறியியல், மின் பொறியியல், கணினிப் பொறியியல் எல்லாவற்றிலிருந்தும் இந்தத் துறையின் கலாநிதிப் படிப்புக்குப் போகிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் சிறப்புக் கற்கை இருக்கிறது. அங்கே சூரியக் கலங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. பெரும்பாலான செய்மதிகளுக்குச் சக்தி கொடுப்பது சூரியக் கலங்கள்தானே. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2013இல் தொடங்கிய பொறியியற் பீடம் இருக்கிறது. இவற்றிலிருந்து முதல் வகுப்போடு வெளியேறும் பிள்ளைக்கு எந்தக் கதவும் மூடியில்லை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியது வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் இடத்தில். அதே வட்டுக்கோட்டையில்தான் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி என்ற உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினார்கள். அங்கே வானியல் ஒரு பாடம். கிரகணக் கணிப்பில் நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரருக்கும் மிஷனரிமாருக்கும் வாதம் நடந்தது. வானத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. அந்த வகுப்பறையில் பெண்கள் இருக்கவில்லை, அதுதான் வித்தியாசம். உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கியிருந்தும் செமினரியின் உயர்கல்வி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விமானம் என்றாலே எங்கள் வீட்டில் பயம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு நன்றி. வேறு ஊர்களில் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள்.

உங்கள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். பொம்மர், கிபிர், ஹெலி என்று சத்தத்தை வைத்தே பிரித்தறியப் பழகிய தலைமுறை அது. பலாலி என்றால் விமானத்தளம், உயர் பாதுகாப்பு வலயம், விட்டு வந்த வீடு. அந்த ஓடுபாதை 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைக்கு விமானம் போகிறது. ஆனால் அம்மாவின் காதில் பழைய சத்தம்தான் இருக்கும்.

அவவை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் படிக்கப்போவது என்ன என்று உதாரணத்தோடு சொல்லுங்கள். புயல் வரும் என்று முன்கூட்டியே கடற்றொழிலாளருக்குச் சொல்வது செய்மதி. காட்டுத் தீயையும் வெள்ளத்தையும் மேலிருந்து பார்ப்பது செய்மதி. அவ வெளிநாட்டில் இருக்கும் தம்பியோடு பேசும்போது கைபேசிக்குச் சரியான நேரத்தைத் தரும் வலையமைப்புக்கும் செய்மதி உதவுகிறது. போர்க் கருவி செய்யும் ஆய்வுகளும் இந்தத் துறையில் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டாம். எந்த ஆய்வில் சேர்வது, எதில் சேராமல் விடுவது என்று தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இலங்கையில் விண்வெளித் துறையில் பெண்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதியான இராவணா-1 ஒரு கிலோ அளவு எடைகொண்ட சிறிய கனசதுரம். 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்து அதை உருவாக்கினார்கள். இருவரில் ஒருவர் பெண்.

ஆண் பிள்ளைகளுக்கு இல்லையா?

இந்த நிதியில் இல்லை. றோட்டரியின் புலமைப்பரிசில் இருபாலாருக்கும் உண்டு. அது 1947இல் தொடங்கியது. இப்போது குறைந்தது 30,000 டொலர் அளவில், சுற்றாடல், நீர், நோய்த் தடுப்பு போன்ற குறிப்பிட்ட துறைகளுக்குக் கொடுக்கிறார்கள். பொதுநலவாய, ஃபுல்பிரைட் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன.

'நைன்ட்டி-நைன்ஸ்' கொடுக்கும் அமேலியா இயர்ஹார்ட் புலமைப்பரிசிலும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும். நைன்ட்டி-நைன்ஸ் 1929இல் தொடங்கிய பெண் விமானிகள் சங்கம். அமேலியா அதன் முதல் தலைவர். அவர்கள் கொடுப்பது விமானம் ஓட்டும் பயிற்சிக்கு. ஸொன்டா கொடுப்பது கலாநிதி ஆய்வுக்கு.

எப்படி விண்ணப்பிப்பது?

ஸொன்டாவின் இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் படிவம் வரும். முடிவுத் திகதி வழமையாக நவம்பர் நடுப்பகுதி. அந்தந்த ஆண்டின் அறிவித்தலைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். பல்கலைக்கழகப் பெறுபேறுகள், பரிந்துரைக் கடிதங்கள், உங்கள் ஆய்வைப் பற்றிய விளக்கம் தேவைப்படும்.

பரிந்துரைக் கடிதத்தில் நம் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். விரிவுரையாளரிடம் போய்ப் பேசக் கூச்சம். நான்கு ஆண்டும் பின்வரிசையில் இருந்துவிட்டுக் கடைசியில் கடிதம் கேட்டால், "நல்ல மாணவி, ஒழுக்கமானவர்" என்றுதான் எழுதுவார்கள். அந்தக் கடிதத்தால் பயனில்லை. இரண்டாம் ஆண்டிலேயே ஒருவருடைய ஆய்வுகூடத்துக்குப் போய் உதவி செய்யுங்கள், கேள்வி கேளுங்கள், பிழை விடுங்கள். நீங்கள் எப்படிச் சிந்திக்கிறீர்கள் என்று கண்டவரால்தான் உங்களைப் பற்றி எழுத முடியும்.

இன்னும் பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்கு, விஞ்ஞானம், தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கென்று ஸொன்டா அண்மைக் காலத்தில் வேறொரு புலமைப்பரிசிலும் தொடங்கியிருக்கிறது. அதற்கு உள்ளூர்க் கழகம் ஒன்றின் ஊடாகத்தான் போக வேண்டும்.

எங்கள் பழைய மாணவியர் சங்கம் இப்படி ஒன்றைத் தொடங்க முடியுமா?

முடியும், தொடங்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நம் சங்கங்கள் தாராளமாகக் கொடுக்கின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து காசு வருகிறது. தரம் 5 பரீட்சையில் சித்தியடைந்தவருக்குப் பரிசு, உயர்தரத்தில் மூன்று 'ஏ' எடுத்தவருக்குப் பதக்கம், பல்கலைக்கழகம் புகுந்தவருக்கு மடிக்கணினி. படமும் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் ஆய்வுப் படிப்பு தொடங்கும் இடத்தில் அநேகமாக யாரும் இல்லை. கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விசா, முதல் விமானச் சீட்டு என்று சில இலட்சம் ரூபாய் வேண்டும். முழுப் பண உதவியோடு இடம் கிடைத்த பிள்ளைக்கும் அங்கே போய்ச் சேரும்வரை இந்தக் காசு வேண்டும். ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளுக்கு அதுதான் மலை.

ஸொன்டாவிடமிருந்து நாம் எடுக்கக்கூடியவை இரண்டு. ஒரே துறையைத் தெரிந்தெடுத்து, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை மாற்றாமல் கொடுத்து வருகிறார்கள். அடுத்தது, பெற்றவர்களை மறக்காமல் பதிவு வைத்திருக்கிறார்கள். நம் சங்கங்களில் தலைவர் மாறினால் திட்டமும் மாறிவிடுகிறது. முதற்பணத்தைத் தொடாமல் வட்டியில் நடக்கும் நிதியாக வைத்து, ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளைக்கு அந்த முதற் செலவை மட்டும் கொடுத்தாற்கூடப் போதும்.

விண்ணப்பித்துத் தருகிறோம் என்று ஒரு முகவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இதற்கு முகவர் தேவையில்லை. படிவத்தை நீங்களே நிரப்பலாம், கடிதங்களை விரிவுரையாளர்கள் எழுதித் தருவார்கள். ஆங்கிலத்தைத் திருத்தி வாசிக்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் பாடசாலை ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள்.